பாறைகளுக்கு நடுவே மௌனமாக உட்கார ஓர் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறை நிலத்தில் தியானக் கூடமோ, பிரார்த்தனை அறையோ, சும்மா மௌனமாக உட்கார்ந்திருக்க ஓர் இடமோ கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கட்டடக் கலைஞராக இந்த வேலையில் நான் கற்றதையும், தவறு செய்து தெரிந்துகொண்டதையும், ஏற்கெனவே நன்றாகக் கட்டப்பட்ட இடங்கள் சொல்லித் தருவதையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எங்கே கட்டினாலும் அந்தப் பகுதியின் கட்டட விதிகளைப் பார்க்க வேண்டும், நிலவியல் தெரிந்த ஒருவரை நேரில் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அந்த இரண்டையும் தவிர்த்துவிடாதீர்கள்.

நிலத்தோடு கலந்த கட்டடம் என்றால் கண்ணுக்கே தெரியாத கட்டடமா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாறை நிறத்தில் பெயின்ட் அடிப்பது, ஃபைபரில் போலிப் பாறை வார்த்துச் சுவரில் ஒட்டுவது எல்லாம் அந்த நினைப்பில் வருவதுதான். பாறை மழைக்குக் கறுக்கும், வெயிலுக்கு வெளுக்கும், அந்தியில் சிவக்கும். பெயின்ட் எல்லா வேளையும் ஒரே நிறத்தில் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நாளில் போலி தெரிந்துவிடும்.

நான் கலப்பது என்று சொல்வது வேறு. மழைத்தண்ணீர் நேற்றுவரை ஓடிய வழியிலேயே இன்றும் ஓட வேண்டும். காற்று வரும் பக்கம் அடைபடக் கூடாது. பாறையின் நிழல் விழும் இடம் கட்டடத்துக்குப் பயன்பட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கவனம் சுவரில் தங்காமல் பாறைக்குப் போக வேண்டும். இவை சரியாக அமைந்தால் வெறும் கான்கிரீட் சுவர்கூட அந்த நிலத்தில் பொருந்திவிடும்.

நிலத்தில் எந்த இடத்தில் கட்டுவது? மிக அழகான இடத்தில்தானே?

அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நிலத்தில் கால் வைத்ததும் எல்லோரும் ஏறிப்போய் நிற்கும் ஒரு பாறை இருக்கும். அதன்மேல் கட்டினால் அந்தப் பாறை போய்விடும். அப்புறம் எங்கிருந்து பார்த்தாலும் உங்கள் கட்டடம்தான் தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழே, அந்தப் பாறையைப் பார்த்தபடி, முதுகுப் பக்கம் இன்னொரு பாறையின் அணைப்போடு இருக்கும் இடத்தைத் தேடுங்கள். முதுகுக்குக் காப்பு இருந்தால்தான் மனிதர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடுகிறார்கள். வெட்டவெளிப் பாறையில் சிலரை உட்காரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு குண்டுப்பாறையை ஒட்டித்தான் போய் உட்காருவார்கள்.

முடிவு செய்வதற்கு முன் விடியற்காலை, உச்சிவேளை, அந்தி, இரவு என்று நான்கு வேளையும் போய், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருங்கள். கேமரா வேண்டாம். மழை பெய்யும்போது ஒருமுறை கட்டாயம் போக வேண்டும். தண்ணீர் எங்கே பிரிகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து அந்தந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்துவிட்டு வாருங்கள். எந்த வரைபடமும் தராத தகவல் அது.

இன்னொன்று பாதுகாப்பு. செங்குத்துப் பாறையின் அடியில் நிழலும் அமைதியும் நிறைய இருக்கும், அதனால் அந்த இடம் ஈர்க்கும். ஆனால் கீழே கிடக்கும் கற்களைப் புரட்டிப் பாருங்கள். பாசி படியாத, புதிதாக உடைந்த முகம் தெரிந்தால் மேலே பாறை இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

வரையத் தொடங்கும் முன் என்ன அளக்க வேண்டும்?

சாதாரண சர்வேயில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு) போட்டுத் தருவார்கள். பாறை நிலத்துக்கு அது போதாது. ஒரு ஆள் உயரக் குண்டுப்பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். கால் மீட்டர் இடைவெளியில் கேளுங்கள், முடிந்தால் லேசர் ஸ்கேன் எடுங்கள். ஒவ்வொரு பெரிய பாறையும் மரமும் தனித்தனியாக எண்ணிட்டு வரைபடத்தில் வர வேண்டும். விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்தப் பக்கம் சரிகின்றன என்பதும் வர வேண்டும், ஏனென்றால் பாறை உடைவதும் தண்ணீர் ஊறுவதும் அந்தக் கோடுகள் வழியாகத்தான்.

அதற்குப் பிறகு களிமண்ணில் ஒரு மாதிரி செய்யுங்கள். கையால் செய்யும்போது நிலம் மனதில் தங்கிவிடுகிறது. கடைசியாக, கட்டடத்தின் மூலைகளில் கம்பு நட்டுக் கயிறும் துணியும் கட்டி முழு அளவில் நிலத்திலேயே பாருங்கள். நான் செய்த திட்டங்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்தில்தான் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ நகர்ந்திருக்கின்றன.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

நீங்கள் நினைத்திருப்பதைவிடச் சிறிதாக.

எவ்வளவு குறைவாகச் செய்தாலும் போதும் என்பதற்குச் சித்தன்னவாசலை நினைத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டைக்கு அருகே அந்தக் குன்றின் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காக வழவழப்பாக வெட்டிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் பக்கம் கல்லிலேயே சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு. கூரையையும் சுவரையும் மலையே கொடுத்துவிட்டது. தரையைச் சமன் செய்தது மட்டும்தான் மனித வேலை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அது ஒரு முழுமையான கட்டடமாக இருக்கிறது.

உங்களுக்கு ஐம்பது பேர் உட்கார வேண்டும் என்றால் ஒரே கூடமாகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. பாறைகளுக்கு இடையே சிறியதும் பெரியதுமாக மூன்று இடங்களாகப் பிரிக்கலாம். பெரிய கூடத்துக்குச் சமதளம் வேண்டும், சமதளத்துக்குப் பாறையை உடைக்க வேண்டும். சிறிய அறைகள் பாறைகளின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

பாறையை வெடி வைத்து எடுக்கலாமா?

கூடுமானவரை வேண்டாம். வெடி, நீங்கள் எடுக்க நினைக்கும் பாறையோடு நிற்பதில்லை. அதிர்வு பக்கத்துப் பாறைக்குள்ளும் போய்க் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைத் திறந்துவிடும்; பின்னாளில் தண்ணீர் அந்த வழியாக வரும். ஏதாவது ஒரு பகுதியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வரிசையாகத் துளை போட்டு இரும்பு ஆப்பு இறுக்கிப் பிளக்கலாம். வீங்கும் ரசாயனக் கலவையைத் துளையில் ஊற்றியும் பிளக்கலாம். வைரக் கம்பி ரம்பத்தால் அறுக்கலாம். இவற்றுக்கு நேரமும் செலவும் கூடும். ஆனால் வெட்டிய முகம் சுத்தமாக வரும், வெட்டிய கல்லும் சுவருக்குப் பயன்படும்.

பாறைமேல் அஸ்திவாரம் எப்படி? பாறைதானே, அப்படியே கட்டிவிடலாமா?

முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டால் மேல் அடுக்கு வெங்காயத் தோல்போலக் கழன்றிருக்கிறது. கருங்கல் குன்றுகளில் இது சாதாரணம். அந்த அடுக்கின்மேல் பாரத்தை வைத்தால் சரிவில் அடுக்கோடு வழுக்கும்.

நல்ல பாறை கிடைத்துவிட்டால் வேலை மிகவும் எளிது. நார்வேயில் ஜூவெத் விடுதியைக் கட்டிய யென்சன், ஸ்கோட்வின் இருவரும் 40 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிகளைப் பாறையில் துளையிட்டு இறக்கி, அவற்றின்மேல் அறைகளைத் தூக்கி வைத்தார்கள். வெடி இல்லை, நிலத்தை மட்டம் செய்வதும் இல்லை. அறைக்குக் கீழே பாறையும் செடியும் பழையபடியே இருக்கின்றன. ஒரு நாள் அறைகளை அகற்றினாலும் பாறையில் சில துளைகள்தான் மிச்சம். எனக்கு இந்த முறைமேல் பெரிய மரியாதை உண்டு.

கம்பிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கடல் காற்று வரும் இடத்தில் அதிலும் உயர்ந்த ரகம் தேவை. கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் பாறையையே பிளக்கும்.

அறைக்கு நடுவே ஒரு பாறை வருகிறது. உள்ளேயே விட்டுவிடலாமா?

விடுங்கள், அது உங்கள் அதிர்ஷ்டம். ஆஸ்லோவில் 2002-இல் கட்டிய மோர்ட்டென்ஸ்ரூட் தேவாலயத்தில் (இதுவும் யென்சன், ஸ்கோட்வின் வேலைதான்) தரையைக் கிழித்துக்கொண்டு பாறை மேலே வருகிறது. மக்கள் உட்காரும் பகுதிக்கும் பாடகர் குழு நிற்கும் பகுதிக்கும் நடுவே அது அப்படியே கிடக்கிறது. ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930-களில் கட்டிய ஃபாலிங் வாட்டர் வீட்டில் கணப்பு அடுப்புக்கு முன்னால் மலையின் பாறை எழும்பி நிற்கிறது. சுற்றிலும் உள்ள கல் தரைக்கு மெழுகு பூசிப் பளபளப்பாக்கி, அந்தப் பாறையை மட்டும் மெழுகாமல் விட்டிருக்கிறார்கள். ஓடைத் தண்ணீருக்கு மேலே தலை காட்டும் உலர்ந்த பாறைபோல அது தெரிகிறது. இவ்வளவு சின்ன முடிவில் இவ்வளவு பெரிய விளைவு!

கவனிக்க வேண்டியது சுவரும் பாறையும் சந்திக்கும் கோடு. பாறையைச் சுவருக்குத் தோதாகச் செதுக்க வேண்டாம், சுவரைப் பாறைக்குத் தோதாக வெட்டுங்கள். அட்டையைப் பாறையில் வைத்து வளைவை வரைந்து, அதை அச்சாகக் கொண்டு மரத்தையோ கண்ணாடியையோ வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, வளைந்து கொடுக்கும் பொருளால் அடையுங்கள். கருங்கல் வெப்பத்தில் விரியும்: 10 மீட்டர் நீளப் பாறை 40 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். சிமெண்ட் வைத்து இறுக்கினால் அந்தக் கோட்டில்தான் முதல் விரிசல் வரும். வெளிப்பக்கம் பாறையில் காடி வெட்டி ஈயத் தகட்டைச் செருகினால் வழிந்து வரும் தண்ணீர் உள்ளே வராது.

சுவருக்கு எந்தக் கல்?

அதே நிலத்தில் கிடைத்த கல். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள, அதே வகைப் பாறை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சுவிட்சர்லாந்தில் வால்ஸ் என்ற மலைக் கிராமத்தில் பீட்டர் ஸும்தோர் 1996-இல் கட்டிய குளியல் மண்டபம். வழிபாட்டு இடமாக இல்லாவிட்டாலும், உள்ளே போகிறவர்கள் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். அதே பள்ளத்தாக்கின் குவார்ட்சைட் கல்லை மெல்லிய பட்டைகளாக அறுத்து, சுமார் 60,000 பட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். பட்டைகளின் கனம் மூன்றே அளவு: 31, 47, 63 மில்லிமீட்டர். மூன்றையும் இணைப்போடு சேர்த்தால் எப்போதும் 15 சென்டிமீட்டர் வரும். அதனால் எந்த வரிசையில் அடுக்கினாலும் படியும் மேடையும் வாசலும் கணக்காக வந்து சேரும், பார்வைக்கோ இயற்கையான பாறை அடுக்குபோல ஒழுங்கில்லாமல் தெரியும்.

குண்டு குண்டாக உருண்ட பாறைகள் இருக்கும் நிலத்தில் இப்படிப் பட்டை அடுக்கினால் ஒட்டாது. அங்கே பெரிய கற்களாலான, இணைப்புகள் குறைந்த சுவர் வேண்டும். அடுக்குப் பாறையா, உருண்டைப் பாறையா, பிளந்த பாறையா என்று முதலில் பாருங்கள். சுவரின் கட்டு அதைப் பார்த்து வர வேண்டும். கல் கிடைக்காத இடத்தில் மண்சுவரோ கான்கிரீட்டோ கட்டுவதில் தவறில்லை. இரண்டு சென்டிமீட்டர் கல் தகட்டைச் செங்கல் சுவரில் ஒட்டிப் பாறைபோலக் காட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தண்ணீர்தான் பெரிய பயம். மழையில் என்ன ஆகும்?

பயப்படுவது சரிதான், நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு சிறிய கூடத்துக்குப் பின்சுவரைச் சரிவுப் பாறையோடு ஒட்டிக் கட்டினேன். கோடையில் பார்த்தபோது அந்தச் சரிவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முதல் பெருமழையில் பின்சுவர் ஓர் அணையாக மாறி, முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி, கதவு வழியாகச் சேறு உள்ளே வந்தது. கணக்குப் போட்டுப் பார்க்காதது என் தவறு. வெறும் பாறை தண்ணீரைக் குடிக்காது. 100 சதுர மீட்டர் பாறையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 5,000 லிட்டர் தண்ணீர் கீழே வரும். என் கூடத்துக்கு மேலே இருந்த சரிவு அதைப்போலப் பல மடங்கு.

அதனால் முதல் வேலை, கட்டடத்துக்கு மேல்பக்கம் ஒரு வாய்க்கால். தண்ணீரை அங்கேயே பிடித்து இரண்டு பக்கமும் திருப்பி, பழைய ஓட்டத்தில் விட்டுவிட வேண்டும். எத்தியோப்பியாவில் லாலிபெலாவின் 11 தேவாலயங்களைப் பாறையைக் குடைந்து நிலமட்டத்துக்குக் கீழே செய்தவர்கள், சுற்றிலும் வடிகால் பள்ளங்களையும் சேர்த்தே வெட்டினார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தேவாலயமும் குளமாகியிருக்கும்.

தமிழகத்துச் சமணக் குகைத்தளங்களிலும் ஒரு அருமையான வேலை உண்டு. குகையின் நெற்றியில், மேல் பாறை துருத்தி நிற்கும் விளிம்பில், புருவம் போல நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறைமேல் வழிந்து வரும் மழைநீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே ஊர முடியாமல் சொட்டாக வெளியே விழுந்துவிடும். உளியால் ஒரு கோடு கிழித்து முழுக் குகையையும் உலர்த்திவிட்டார்கள். இன்று ஜன்னல் மேல்தளத்தின் அடியில் நாம் விடும் நீர்வடி காடியும் அதே தந்திரம்தான்.

அயர்லாந்துக் கடலோரம் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் துறவிகள் கட்டிய தேன்கூடு வடிவக் கல் அறைகள் சாந்தே இல்லாதவை. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி, வெளிப்பக்கம் தாழும்படி அடுக்கியிருக்கிறார்கள். அட்லாண்டிக் புயலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கின்றன.

பாறை விரிசலிலிருந்து ஊறும் தண்ணீர் தனி விஷயம். அதை வாட்டர்ப்ரூஃபிங் பூசி அடைக்கப் பார்க்காதீர்கள். அடைத்தால் பக்கத்தில் வேறு விரிசலைத் தேடிக்கொள்ளும். அதற்குத் தரையில் ஒரு விரல் அகலக் காடி விட்டு, அறையைத் தாண்டி வெளியே போக விடுங்கள். மழைக்குப் பிறகு அந்த மெல்லிய ஓட்டத்தின் சத்தம் தியானத்துக்கு நல்ல துணை.

ஒளியை எப்படிக் கொண்டுவருவது?

முதலில் இருட்டைக் கொண்டுவாருங்கள். பாறை நிலத்தில் வெளிச்சம் கண்ணைக் கூசும். வெயிலிலிருந்து வரும் ஒருவரின் கண் மங்கலான வெளிச்சத்துக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், முதல் சில நிமிடங்களில் ஓரளவு பழகிவிடும். அதனால் வாசலிலிருந்து கூடத்துக்கு நேராகப் போகாமல், நடுவே ஒரு நிழல் நடையும் ஒரு திருப்பமும் வையுங்கள். அந்த இருபது முப்பது அடிகளில் கண்ணும் மூச்சும் தணியும்.

கூடத்துக்குள் ஒரு திறப்பு போதும், கூடினால் இரண்டு. மேலிருந்து பாறை முகத்தின்மேல் வழியும் ஒளிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாய்வாக விழும் ஒளியில் கல்லின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்கிறது. ஒரு குறுகிய பிளவு வழியாக விழும் ஒளிக்கோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பவர் கண் முன்னால் தெளிவாக இடம் மாறிவிடும். கடிகாரம் மாட்ட வேண்டிய தேவையே இருக்காது.

ஹெல்சிங்கியில் 1969-இல் திமோ, துவோமோ சுவோமலைனென் சகோதரர்கள் குன்றைக் குடைந்து கட்டிய தெம்பெலியாவுக்கியோ தேவாலயத்தில், கரடுமுரடான பாறைச் சுவருக்கும் செம்புக் குவிமாடத்துக்கும் நடுவே வளையமாகக் கண்ணாடி ஓடுகிறது. ஒளி அந்த வளையம் வழியாகப் பாறையைத் தடவிக்கொண்டு இறங்குகிறது. பலிபீடத்தின் பின்னணியாக இருப்பது பனியுகக் காலப் பாறைப் பிளவு. ஸும்தோரின் புரூடர் கிளவுஸ் சிற்றாலயம் (ஜெர்மனி, 2007) இன்னும் கண்டிப்பானது: 112 மரத்தண்டுகளைக் கூம்பாக நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட்டை அடுக்கடுக்காக இட்டு, பிறகு உள்ளே மரத்தை எரித்துவிட்டார்கள். மேலே மூடாத ஒரு கண். மழை உள்ளேயே விழும்.

எந்தத் திறப்பையும் காகிதத்தில் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஜூன், டிசம்பர் மாதங்களின் சூரியக் கோணத்தில் மாதிரியை வெளியே வெயிலில் வைத்துப் பாருங்கள். நடுப்பகல் வெயில் நேராக முகத்தில் அடித்தால் யாரும் உட்கார மாட்டார்கள்.

பெரிய கண்ணாடிச் சுவர் வைத்து முழுக் காட்சியையும் காட்டலாமா?

காட்சி பார்க்க அது நல்லது. தியானத்துக்கு அவ்வளவு உதவாது, கண் அலைந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் தாழ்வான ஒரு ஜன்னல், அதில் ஒரே ஒரு பாறை தெரிந்தால் மனம் அங்கே தங்கும். கியோட்டோவில் ரியோவான்ஜி தோட்டத்தில் 15 கற்கள் இருக்கின்றன. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டாததால்தான் மக்கள் அங்கே நெடுநேரம் உட்காருகிறார்கள். கண்ணாடியில் வானம் தெரிந்தால் பறவைகள் மோதிச் சாகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

கல் அறையில் எதிரொலி வராதா?

வரும். வழவழப்பான கல் தன்மேல் விழும் ஒலியில் 1, 2 சதவீதத்தைத்தான் உறிஞ்சும், மிச்சமெல்லாம் திரும்பி வரும். பிகாரில் பராபர் குன்றின் குகைகளை அசோகர் காலத்தில், பொ.ஆ.மு. 3-ஆம் நூற்றாண்டில், ஆசீவகத் துறவிகளுக்காகக் குடைந்து, உட்சுவர்களைக் கண்ணாடிபோல மெருகேற்றினார்கள். அங்கே ஒரு வார்த்தை பேசினால் கரைந்து நீண்டுகொண்டே போகும். ஒற்றைக் குரலில் ஓதுவதற்கு அது அற்புதம், உரை நிகழ்த்துவதற்குச் சிரமம்.

ஆக, அறை எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். பேச்சு தெளிவாகக் கேட்க ஒலி சுமார் ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். ஓதலுக்கும் பாட்டுக்கும் இரண்டு விநாடிக்கு மேல் இருந்தால் இனிமை. முழு மௌனத்துக்கான அறையில் ஒருவர் இருமினாலும் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் நீளாமல் இருப்பதே நல்லது. எதிரெதிரே இரண்டு மட்டமான இணைச் சுவர்கள் வேண்டாம், கைதட்டினால் படபடவென்று ஒலி துள்ளும். கரடான பாறை முகம் ஒலியைச் சிதறடித்து இதைச் சரிசெய்யும். தெம்பெலியாவுக்கியோவில் பாறைச் சுவரை மூடாமல் விட்டதற்கு ஒலியமைப்பும் ஒரு காரணம். இன்று அது பெயர்பெற்ற இசை அரங்கும்கூட.

உள்ளே வெப்பம் எப்படி இருக்கும்?

கனமான கல் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஓரடிக் கல் சுவரைத் தாண்ட எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகலாம். அதனால் பகலில் குளுமை, இரவில் கதகதப்பு. இரவிலும் புழுங்கும் இடமென்றால் கூடத்தைப் பாறை நிழலில் வைத்து, இரவுக் காற்று உள்ளே வர வழி விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈரப்பதம் மிகுந்த பருவத்தில் குளிர்ந்த பாறை முகத்தில் காற்றின் ஈரம் வியர்வைபோலப் படியும், அதைக் கசிவு என்று நினைத்துப் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். அடுத்தது ரேடான். கருங்கல் வகைகளில் இயற்கையாக உள்ள யுரேனியத்திலிருந்து வரும் இந்த வாயு, விரிசல்கள் வழியாக வந்து காற்றோட்டமில்லாத அறையில் சேரும். நீண்ட காலத்தில் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். அறைக் காற்றில் இது ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரெலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. பாறைக்குள் குடைந்த அறை என்றால் அளந்து பாருங்கள், எப்போதும் காற்று ஓட வழி வையுங்கள்.

பாதை எப்படி இருக்க வேண்டும்?

கட்டடத்தைவிடப் பாதைக்கு நான் அதிக நேரம் செலவிடுகிறேன். வண்டியிலிருந்து இறங்கியதும் கூடம் என்றால் வந்தவர் சாலையையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்துவிடுவார். ஐந்து நிமிட நடையாவது வேண்டும். ஆடுகளும் மழைத்தண்ணீரும் ஏற்கெனவே கண்டுபிடித்த வழியைப் பின்பற்றுங்கள், பெரும்பாலும் அதுதான் சரியான ஏற்றம். இரண்டு பாறைகளுக்கு நடுவே தோள் உரசும் இடுக்கு இருந்தால் அதை அகலப்படுத்தாதீர்கள். கூடம் ஒருமுறை தெரிந்து, மறைந்து, மறுபடி மிக அருகில் தெரிந்தால் நடை சலிக்காது.

ஏற முடியாதவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்கும் ஒரு வழி இருந்தே ஆக வேண்டும், அதுவும் பின்கட்டு வழியாக இருக்கக் கூடாது. 12 அடிக்கு ஓரடி ஏற்றத்துக்கு மிகாத சரிவு, இடையிடையே நின்று மூச்சு வாங்க மட்டமான இடம், சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். பாறையைத் தொடாமல் அதன்மேல் மிதக்கும் மரப்பாலம் இதற்கு நன்றாக உதவும். சரிவு எவ்வளவு முயன்றாலும் வராது என்றால் கூடத்தின் இடத்தையே கீழே இறக்குவதைப் பற்றி யோசியுங்கள். நான் ஒருமுறை அப்படி இறக்கினேன், கீழே கிடைத்த இடம் நான் முதலில் விரும்பியதைவிட நன்றாகவே இருந்தது.

பாறையின் பாசி, செடிகளைச் சுத்தம் செய்யலாமா?

தொடாதீர்கள். பாறைமேல் சாம்பலும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருக்கும் கற்பாசிகளில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலப் படர்வு உங்கள் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். கட்டுமானத்தின்போது சிமெண்ட் பால் பாறையில் வழிந்தாலும் அந்தக் கறை போகாது, பாறைகளைத் துணியும் பலகையும் போட்டு மூடியே வேலை செய்யுங்கள்.

இயந்திரங்கள் போக வழியில்லையே, எப்படிக் கட்டுவது?

அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் ஃபே ஜோன்ஸ் 1980-இல் தார்ன்கிரவுன் சிற்றாலயத்தைக் கட்டியபோது, காட்டைச் சிதைக்கும் பாதை போடாமல் இருக்க, இரண்டு பேர் தூக்கிச் செல்லும் அளவுக்கு மேல் எந்த மரச்சட்டமும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டார். சின்னச் சின்னச் சட்டங்கள் பின்னிப் பின்னி ஏறியதுதான் அந்தக் கட்டடத்தின் அழகாகவும் ஆனது. ஒரு லாரிக்காகப் போட்ட தற்காலிகப் பாதை ஆறுவதற்குக் கட்டடத்தைவிட அதிக காலம் எடுக்கும்.

கட்டடம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியக் கூடாதா?

கூடும், ஆனால் கட்டுப்பாடு வேண்டும். அரிசோனாவின் செடோனாவில் 1956-இல் கட்டி முடித்த திருச்சிலுவைச் சிற்றாலயம் செம்பாறைகளின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒளிந்துகொள்ளும் எண்ணமே அதற்கு இல்லை. ஆனாலும் இரண்டு பாறைத் திரட்சிகளுக்கு இடையில் செருகியதுபோல ஒரே ஒரு எளிய வடிவம், ஒரே ஒரு சிலுவை. அலங்காரம் சேர்த்திருந்தால் பாறைகள் அதை விழுங்கியிருக்கும். நேர்கோடான ஒரு சுவர் பக்கத்துப் பாறையின் வளைவை இன்னும் தெளிவாகக் காட்டும் என்பதும் உண்மை.

பழைய ஓவியமோ கல்வெட்டோ உள்ள பாறை. அருகே கட்டலாமா?

முதலில் தொல்லியல் துறையிடம் சொல்லுங்கள், பிறகு விலகிப் போங்கள். கேனரித் தீவுகளில் திந்தாயா மலைக்குள் ஏறக்குறைய 50 மீட்டர் கனசதுர வெற்றிடத்தைக் குடைய வேண்டும் என்பது சிற்பி சில்லிடாவின் கனவு. அமைதிக்கும் ஒளிக்குமான இடமாகவே அதை நினைத்தார். ஆனால் அந்த மலை தீவின் பழங்குடியினருக்குப் புனிதமானது. பாதங்களின் வடிவில் அவர்கள் செதுக்கிய கோடுகள் அங்கே இருக்கின்றன. எதிர்ப்பு எழுந்தது, 2002-இல் சில்லிடா இறந்தார், வெற்றிடம் குடையப்படவில்லை. அவருடைய கலைமேல் எனக்கு மதிப்பு உண்டு, மலை அப்படியே இருப்பதில் மகிழ்ச்சியும் உண்டு. ஏற்கெனவே யாரோ மௌனமாக உட்கார்ந்த இடத்தில் நாம் புதிதாகச் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை.

கழிவறை, மின்சாரம், விளக்கு?

கழிவறையும் செருப்பு விடும் இடமும் பாதையின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். பாறை கழிவுநீரை உறிஞ்சாது, அதனால் சாதாரண உறிஞ்சு குழி வேலை செய்யாது. மின்கம்பியைப் பாதைக்கு அடியில் கொண்டுபோங்கள். விளக்குகள் முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்த்து. பாறைமேல் ஃபோகஸ் லைட் அடிக்க வேண்டாம், நிலவு அந்த வேலையைச் செய்யும்.

கட்டி முடித்த பிறகு என்ன பராமரிப்பு?

மழைக்காலத்துக்கு முன் மேல்பக்க வாய்க்காலில் சருகை அள்ளுங்கள், இது ஒன்றை மறந்தால் மற்ற எல்லாம் வீண். விரிசல்களில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். வேர் தடித்த பிறகு இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். மேலே உள்ள பாறைகளின் விரிசல் அகலத்தை ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சுவரில் முதல் இரண்டு மழைக்குப் பிறகு கரும்பச்சைக் கோடுகள் இறங்கும். அதைப் பார்த்துவிட்டுச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று எனக்குத் தொலைபேசியில் சொல்பவர்கள் உண்டு. அடுத்த மழைவரை பொறுத்திருக்கச் சொல்வேன், அதற்குள் பக்கத்துப் பாறையிலும் அதே கோடுகள் இருப்பதை அவர்களே கவனித்திருப்பார்கள்.